முழுப்பெயர்

ஒக்டோபர் 8, ஞாயிறு. பேர்ன்

நான் எதையும் மறப்பதில்லை. மற்றவர்கள் மறந்துவிட்டு, அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். அதற்காகத்தான் எழுதி வைக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு ஐயா என்னை நிறுத்தினார், தம்பி படிக்கவேண்டுமாம். தம்பி படித்துக் கிழித்தது எனக்குத் தெரியும்.

நாளை மறுநாள் இத்தாலிக்குப் போகிறேன், என் மகன் குகனேசனைக் கொண்டுவர. அவன் அங்கே மண்ணுக்குள் கிடக்கத் தொடங்கிப் பத்து வருடம் தாண்டிவிட்டது. அந்த ஊர் வழக்கப்படி அதற்குமேல் குழி ஒருவருக்கும் சொந்தமில்லை. தோண்டி, எலும்பை எடுத்து உறவுக்காரரிடம் கொடுப்பார்கள். ஒருவரும் வராவிட்டால் ஊரெல்லாருடைய எலும்பும் கிடக்கும் கிடங்கில் கொட்டிவிடுவார்கள். வருகிற பதினாறாம் திகதி திங்கட்கிழமை அவனுடைய வரிசை.

எங்கள் ஆட்களில் சின்னஞ்சிறுசுகளுக்கும் சாமியார்களுக்கும்தான் மண். மற்றவர்களுக்கு நெருப்பு. முப்பத்தாறு வயது ஆண்பிள்ளையை மண்ணில் போட்டு மேலே சிலுவையும் நட்டவள் ஜெசிந்தா. வழித்துணைக்கு வரப்போகிறவளும் அவள்தான். மகள் வத்சலாவுக்கு லீவு இல்லை. மருமகனுக்கு லீவு இருக்கிறது, மனம் இல்லை. விமானம் ஏறவும் எனக்கு விதியில்லை. போன மாதம் வலக்கண்ணில் வெட்டித் தைத்து உள்ளே ஒரு காற்றுக்குமிழ் விட்டிருக்கிறார்கள். அது கரையும்வரை பறந்தால் கண் போய்விடும் என்றார் டொக்டர். ஆகவே ரயிலும் பஸ்ஸும்.

ஜெசிந்தா யார் என்பதையும் எழுதிவிடுகிறேன். என்னைக் கட்டிய மனிதர் யாழ்ப்பாணம்–மன்னார் பஸ் ஓட்டினார். இரவில் வண்டி மன்னாரில் தங்கும். வண்டி மட்டும் தங்கவில்லை. 1982 சித்திரை வருடப்பிறப்புக்கு முதல்நாள் நான் பலகாரத்துக்கு மா அரித்துக்கொண்டிருந்தபோது சங்கதி வந்தது. திரேசம்மா என்று ஒருத்தி, வயிற்றில் பிள்ளையோடு. அந்தப் பிள்ளைதான் ஜெசிந்தா. என்னிடம் சங்கதி சொன்னவள் அரக்குக் கலர் சேலை உடுத்தியிருந்தாள். சொல்லிவிட்டு, வந்ததுக்கு ஒரு தேத்தண்ணி கேட்டாள். அவளையும் மறக்கவில்லை.

அதற்குப்பிறகு என் பெயரோடு ஒட்டியிருந்த அவர் பெயரைக் கழற்றினேன். அரசாங்கக் கச்சேரிக்கு நடந்து நடந்து ஐயாவின் பெயரைப் போடுவித்தேன். வல்லிபுரம் இராசமலர். குடத்திலும் அண்டாவிலும் வெட்டியிருந்த அவர் பெயரை ஆணியால் சுரண்டினேன். வாயாலும் சொல்வதில்லை. புருசன் பெயரைச் சொல்லாத மரியாதை என்று ஊர் நினைத்தது. நினைக்கட்டும். தொண்ணூறில் அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. அன்று நான் பொட்டை அழிக்கவில்லை. முன்னமே அழிந்த பொட்டு அது.

போன வருடமே குழி விசயமாக ஜெசிந்தா தொலைபேசி எடுத்தாள். குரலைக் கேட்டதும் வைத்துவிட்டேன். பிறகுதான் வத்சலாவைப் பிடித்திருக்கிறாள்.

பெட்டி அடுக்கியாகிவிட்டது. புது வேட்டி ஒன்று, எலும்பைச் சுற்ற. ஒரு தகரப் பெட்டி, அளவாகத்தான். விபூதி, கற்பூரம், நெருப்புப்பெட்டி. நெருப்பில் வைத்துச் சாம்பலை யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலில் விடவேண்டும். நான் கண்மூடுவதற்குள் இந்த ஒரு வேலைதான் மிச்சம்.

ஒக்டோபர் 10, செவ்வாய். மிலான்

மலைக்குள்ளால் ரயில் வந்தது. இருட்டு, பிறகு வெளிச்சம், பிறகு நீண்ட இருட்டு. புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தேன். எதிரே இருந்த வெள்ளைக்காரப் பெண் ஜன்னலைத் திறக்கப் பார்த்தாள், திறக்க முடியாத ஜன்னல்.

மேடையில் ஜெசிந்தா நின்றாள். முதல்முறையாக நேரில் பார்க்கிறேன். தகப்பனின் காது. கையில் சவர்க்கார வாசம். நேப்பிள்ஸில் ஒரு இத்தாலியக் கிழவியைக் குளிப்பாட்டி, உணவு தீத்தும் வேலையாம்.

“பெரியம்மா, பயணம் எப்பிடி?”

நான் திரும்பவில்லை. தகப்பனின் மூத்த பெண்சாதியை அப்படிக் கூப்பிடுவது முறைதான். அந்த முறையை அவளுடைய தாய் அல்லவா முதலில் யோசித்திருக்கவேண்டும்.

“பையைத் தாங்கோ, நான் கொண்டுவாறன்.”

“எனக்குக் கையிருக்கு.”

டிராமில் ஏற்றிப் பெரிய கோவிலடிக்குக் கொண்டுபோனாள். வெள்ளைக் கல்லால் ஊசி ஊசியாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். அடுத்த ரயிலுக்கு நேரம் இருந்ததாம்.

“மேல ஏறிப் பாக்கலாம் பெரியம்மா. லிப்ட் இருக்கு, காலுக்கு நோகாது.”

“சிலுவையைப் பாக்கவே நான் இவ்வளவு தூரம் வந்தனான்?”

அவள் ஸ்டேஷன் பக்கம் திரும்பினாள். நல்லது.

ஒக்டோபர் 11, புதன். பொலோஞ்ஞா

ரயில்காரர் வேலைநிறுத்தம். பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். இந்த நாட்டில் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் செய்வார்களாம், ஜெசிந்தா கவனிக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? கேட்டேன். “சேந்திடலாம்” என்றாள். சேர்ந்திடலாம் என்று சொல்லிவிட்டு மன்னாருக்குப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன்.

மழை. ஆனால் தெருவெல்லாம் நடைபாதைக்கு மேலே கூரை போட்ட ஊர். நனையாமல் நடந்தோம். இரண்டு பழைய கோபுரங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று நன்றாகச் சரிந்துவிட்டது. சுற்றிவர வேலி போட்டிருக்கிறார்கள்.

“எத்தினையோ நூறு வருசமா இப்பிடித்தான் சாய்ஞ்சு நிக்குது பெரியம்மா.”

“ஆரோ கட்டினவனோட கோவம்போல. விழுந்து குடுக்க மனமில்லை.”

சிரித்தாள். மேலுதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு சிரிக்கிறாள். குகனும் அப்படித்தான். நான் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கண்ணில் மருந்து விட்டேன். குமிழ் இன்னும் இருக்கிறது. குனிந்தால் சட்டிக்குள் தண்ணீர்போல ஆடுகிறது.

ஒக்டோபர் 12, வியாழன். ரோம்

பஸ்ஸில் முன்னிருக்கை காலியாக இருந்தது. நான் கடைசிக்குப் போனேன்.

“முன்னுக்கு இருங்கோவன், குலுக்காது.”

“நான் பஸ்ஸில முன்னுக்கு இருக்கிறேல்லை.”

காரணத்தை அவளுக்குச் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். சாரதிக்குப் பக்கத்து முன்னிருக்கை குகனுடையது. ஐந்து வயதில் அதில் ஏறி நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வண்டி விடும் பருத்தித்துறை டிப்போ வரைக்கும் போவான். தகப்பன் மன்னாரோடு போனபிறகு, பின்னேரம் அவருடைய பஸ் சந்தியால் போகும் நேரம் பார்த்து ஓடப்பார்ப்பான். நான் பிடித்து அறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டுவேன். யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

கொஞ்ச நேரம் போக ஜெசிந்தாவே சொன்னாள். “அண்ணாக்கும் பஸ்ஸில முன் சீற்தான் வேணும். கதவைப் பூட்டினாலும் ஹோர்ன் கேக்குமாம். சந்தியடியில அப்பா ரெண்டுதரம் அடிப்பாராம்.”

“வேற என்னென்ன சொன்னவன் உனக்கு?”

“கனக்க.”

என் பிள்ளை என்னைப்பற்றி இவளிடம் நிறையச் சொல்லியிருக்கிறான்.

பெரிய வட்டக் கட்டடம் ஒன்றைச் சுற்றிப் பஸ் போனது. பாதி இடிந்தது. அதைப் பார்க்க உலகமே வரிசையில் நிற்கிறது, வெயிலில், சீட்டு வாங்கிக்கொண்டு.

“இதுக்குள்ள என்ன இருக்கு?”

“ஒண்டுமில்லை பெரியம்மா. அந்தக் காலத்தில ஆக்களைச் சாகவிட்டு வேடிக்கை பாத்த இடம்.”

எங்கள் வீடும் இடிந்துதான் கிடந்தது. ஒருவரும் பார்க்க வரவில்லை. ஆடு மட்டும் வந்தது.

ஒக்டோபர் 13, வெள்ளி. நேப்பிள்ஸ்

ஜெசிந்தாவின் வீடு இந்த ஊரில்தான். உன் வீட்டில் தங்கமாட்டேன் என்றேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்தாள். அவளும் வீட்டுக்குப் போகவில்லை, கதிரையில் படுத்தாள். என் இரண்டு காலும் வீங்கிவிட்டன.

ஒக்டோபர் 14, சனி. பாரி

மலைக்கு மேலால் பஸ் வந்தது. பிறகு எங்கு பார்த்தாலும் ஒலிவ் மரம். சாம்பல் பூசினதுபோல இலை. குகன் கடைசியாக வேலை செய்தது இப்படியொரு தோட்டத்தில்தான்.

அடுத்த ரயில் பின்னேரம். பழைய நகரத்துக்குள் நடந்தோம். ஒடுங்கின ஒழுங்கைகள். வாசலில் பெண்கள் மேசை போட்டு மாவைச் சின்னச்சின்னத் துண்டாக நறுக்கி, கத்தியால் இழுத்துப் பெருவிரலால் பிரட்டிக் காதுபோலச் செய்கிறார்கள். ஒருத்தி எனக்குக் காட்டித் தந்தாள். நான் ஒன்று செய்தேன். அவள் அதை எடுத்து எல்லாருக்கும் காட்டிச் சிரித்தாள். மூக்குப்போல இருந்ததாம்.

பிறகு கடற்சுவரில் இருந்தோம். கேட்கவேண்டியதை அங்கேதான் கேட்டேன்.

“இந்த ஊரில நெருப்பு இல்லையோ? ஏன் என்ர பிள்ளையை மண்ணில தாட்டனி?”

“அண்டைக்கு ஆர் பெரியம்மா இருந்தது? உங்களுக்கு எடுத்தன். செத்துப்போனார் எண்டு சொன்ன உடன குழறிப்போட்டுப் போனை வச்சிட்டியள். திருப்பித் திருப்பி எடுத்தன், நீங்கள் தூக்கேல்லை. வத்சலா அக்கான்ர நம்பர் அப்ப என்னட்ட இல்லை. நெருப்போ மண்ணோ எண்டு கேக்க ஒருத்தரும் இல்லை. நகரசபைதான் தாட்டது. சிலுவை மட்டும் நான் வச்சனான். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்டுதான்.”

“உன்ர வீட்டில இருந்தவன் எண்டு கேள்வி. உன்ர வீட்டில இருந்தவன் என்னத்துக்குத் தோட்டத்துக் கொட்டிலில செத்தவன்? நீ வீட்டை விட்டுக் கலைச்சுப்போட்டாய்.”

அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் இதுவரை காணாத முகம்.

“நான் கலைக்கேல்லை. கார்த்திகை மாசம், ஒரு புதன்கிழமை. அவர் உங்களுக்கு எடுத்தவர். நான் பக்கத்தில நிண்டு தேங்காய் திருவிக்கொண்டிருந்தனான். எங்கயடா இருக்கிறாய் எண்டு கேட்டிருப்பியள், என்ர பேரைச் சொன்னவர். சந்தோசமாத்தான் சொன்னவர் பெரியம்மா. பிறகு கன நேரம் போனைக் காதில வச்சுக்கொண்டு நிண்டார். கடைசியா திரும்பி நிண்டு என்னவோ மெல்லச் சொன்னவர், எனக்குக் கேக்கேல்லை. வச்சிட்டுப் போய் உடுப்பை அடுக்கினார். ஏனண்ணா எண்டு கேட்டன். ‘அம்மா சத்தியம் பண்ணிப்போட்டா தங்கச்சி. இந்த வீட்டுச் சோறு தின்னுமட்டும் தனக்குப் பிள்ளை இல்லையாம்’ எண்டார்.”

கடற்சுவரில் பூத்திருந்த உப்பை நான் நகத்தால் சுரண்டினேன்.

“தை மாசக் குளிர். கொட்டிலுக்குள்ள கரிச்சட்டியை மூட்டிப்போட்டுக் கதவை இறுக்கிச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார். விடியப் போய்த் திறந்தவை. ஆள் நித்திரை மாதிரித்தான் கிடந்தவர்.”

“ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“சொல்லி?”

அப்படி ஒரு தொலைபேசி வந்ததாக எனக்கு நினைவில்லை.

ஒக்டோபர் 15, ஞாயிறு. லெச்சே

மழை. எழுத ஒன்றுமில்லை.

ஒக்டோபர் 16, திங்கள்

லெச்சேயிலிருந்து முதல் பஸ். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிறைய ஏறி, பாதி வழியில் இறங்கிவிட்டார்கள். பிறகு நாங்கள் இருவரும் சாரதியும்தான்.

சின்ன ஊர். சவக்காலையைச் சுற்றிப் பெரிய மதில், ஊசிமாதிரி உயர்ந்த கறுப்புப்பச்சை மரங்கள். பணக்காரருக்குக் கல் வீடு கட்டியிருக்கிறார்கள். அதையெல்லாம் தாண்டிக் கடைசியில், ஈரமான பள்ளத்தில், மரச் சிலுவைகள். ஒரு சிலுவையைச் சுற்றி மட்டும் புல் பிடுங்கியிருந்தது. பிளாஸ்டிக் செவ்வரத்தம்பூ ஒன்று கட்டியிருந்தது. யார் வந்து பிடுங்கியது என்று நான் கேட்கவில்லை.

இரண்டு பேர் சின்ன இயந்திரத்தோடு வந்தார்கள். எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். நான் தள்ளி நின்றேன், ஆனால் பார்த்தேன். வலக்கண் குமிழ். இடக்கண் நல்ல கண்.

தோண்டிச் சவப்பெட்டியின் மூடியைத் திறந்தவன் உடனே திரும்ப மூடினான். தொப்பியைக் கழற்றிவிட்டு ஜெசிந்தாவிடம் ஏதோ சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னவாம்?”

“பெரியம்மா... இன்னும் எலும்பாகேல்லையாம். ஈர மண்ணாம். சிலநேரம் இப்பிடி நடக்கிறதாம்.”

என் கையில் தகரப் பெட்டியும் வேட்டியும் இருந்தன. அந்தப் பெட்டிக்குள் இனி எதை வைப்பது?

மூடமுதல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நான் கண்டது ஒரு காலுறை. சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை. குதிக்காலில் கிழிந்த இடத்தை வேறு நூலால் தைத்திருந்தது. கட்டை நூல், நெருக்கமான தையல், அவசரத்தில் தைத்ததில்லை.

“காலுறை ஆர் தைச்சது?”

“நான்தான். அண்ணா வெளிக்கிடேக்க, கொஞ்சம் இருங்கோ எண்டு மறிச்சுத் தைச்சுக் குடுத்தனான்.”

நான் புல்லில் இருந்துவிட்டேன். கால் வீக்கம்.

இரண்டு வழி சொன்னார்கள். வேறு மண்ணில் புதைத்து இன்னும் ஐந்து வருடம் விடலாம், இல்லாவிட்டால் நெருப்பு. அவள் சொல்லி முடிக்கமுதல் “நெருப்பு” என்றேன். ஐந்து வருடத்துக்கு எனக்கு ஆயுள் இல்லை. ஆனால் நெருப்புக்கு மிக நெருங்கின உறவு சம்மதிக்கவேண்டுமாம். பெண்சாதி இல்லை, பிள்ளை இல்லை, ஆகவே தாய்.

நகரசபைக் கந்தோரில் கண்ணாடி போட்ட ஒரு மனிதர் இருந்தார். என் கடவுச்சீட்டைப் பார்த்தார். ஜெசிந்தாவுடையதைப் பார்த்தார். குகனின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார். ஜெசிந்தாவைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார். என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“என்னவாம்?”

“என்ர பேரும் அண்ணான்ர பேரும் ஒரே குடும்பப் பேராம். உங்கட பேர் வேறயாம், சான்றிதழில இருக்கிற தாயின்ர பேரோடயும் ஒத்துவரேல்லையாம். நீங்கள் அவருக்கு என்ன முறை எண்டு கேக்கிறார்.”

பத்து மாதம் சுமந்த முறை என்று சொல் என்றேன். சொன்னாளோ என்னவோ. வல்லிபுரம் என்ற பெயரை அந்த மனிதர் விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். இவளுக்கு இருக்கிற பெயர் எனக்கு இல்லை. கச்சேரிப் படிகளில் ஏறி இறங்கி நானே கழற்றிய பெயர்.

கடைசியில் அவர் சான்றிதழின்மேல் உள்ளங்கையை விரித்து மூடினார். எங்களைச் சோதிக்கிறார். ஒரு கேள்வி கேட்டார். ஜெசிந்தா பதில் சொல்ல வாயெடுத்தாள். அவர் மற்றக் கையைக் காட்டி நிறுத்தி, என்னைச் சுட்டினார்.

“பெரியம்மா, அண்ணான்ர தகப்பன்ர பேர் என்ன எண்டு உங்களைச் சொல்லட்டாம்.”

நான் சான்றிதழை மூடின அந்தக் கையையே பார்த்தேன்.

“சொல்லுங்கோ பெரியம்மா.”

நாற்பத்தொரு வருடமாகச் சொல்லாத பெயர். அதற்குமுன் கட்டியிருந்த காலத்தில் மரியாதைக்குச் சொல்லாத பெயர். என் வாயால் அந்தப் பெயர் வந்ததே கிடையாது, ஒருநாளும்.

அந்த மனிதர் பக்கத்து மேசைப் பெண்ணைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவள் குனிந்துகொண்டாள். பாஷை தெரியாவிட்டாலும் அது எனக்கு விளங்கியது. என் பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று எனக்குத் தெரியாதாம். என் குகனைத் தகப்பன் பெயர் தெரியாத பிள்ளை ஆக்கிவிட்டார்கள், அவன் வெளியே ஈரமண்ணில் குழி திறந்தபடி கிடக்கும்போது.

மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றேன்.

“கதிரித்தம்பி” என்றேன். அவருக்குக் கேட்கவில்லையோ என்று இன்னொருதரம். “கதிரித்தம்பி. சின்னையா கதிரித்தம்பி. மன்னார் பஸ் ரைவர்.” தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் கையை எடுத்தார்.

ஒக்டோபர் 18, புதன்

நெருப்பு வைக்கும் இடம் நகரத்துக்கு வெளியே. இரண்டு பஸ் மாறவேண்டும். குகனை அவர்கள் வண்டியில் கொண்டுவந்தார்கள். நாங்கள் பஸ்ஸில் வந்தோம்.

கட்டடம் ஆஸ்பத்திரிமாதிரி. புகை இல்லை, மணம் இல்லை. சொந்தக்காரரில் ஒருவர் உள்ளே போய் நிற்கலாம் என்றார்கள். ஜெசிந்தா என்னைப் பார்த்தாள்.

“போங்கோ பெரியம்மா.”

பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. தாய் போகவே கூடாது. அது ஒருபக்கம். என் கால் எழும்பவில்லை என்பது இன்னொருபக்கம்.

“உன்ர அண்ணன்” என்பதை எங்கள் ஊரில் ஒரே சொல்லாகச் சொல்வோம். பிள்ளைகள் சண்டைபிடித்தால் தாய்மார் சொல்கிற சொல், சாப்பிடக் கூப்பிடும்போது சொல்கிற சொல். வத்சலா குகனுக்கு மூத்தவள், அவனுக்குத் தங்கை இல்லாததால் என் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேலை இருந்ததில்லை.

“கொண்ணன்தானே” என்றேன். “நீ போ.”

நான் பையைத் திறந்து நெருப்புப்பெட்டியையும் கற்பூரத்தையும் அவள் கையில் வைத்தேன். உள்ளே கொளுத்த விடமாட்டார்கள், அது எனக்குத் தெரியும். கையில் இருக்கட்டும்.

“வேட்டியை மேல போர்த்துவிடச் சொல்லு. குழியில இருந்து பெட்டியோட கட்டிவந்த சிலுவையைக் கழற்றவேண்டாம். இவ்வளவு நாளும் அதோட கிடந்தவன்.”

வாசலில் ஆட்கள் இருக்க ஒரு வாங்கு. அதில் இருந்தேன். எதிரே பஸ் தரிப்பு. ஒரு பஸ் வந்து நின்று, ஒருவரும் இறங்கவில்லை, ஒருவரும் ஏறவில்லை. சாரதி என்னைப் பார்த்து ஹோர்ன் அடித்தான், ஏறப்போகிறேனா என்று. ஒருதரம். இன்னொருதரம். இல்லையென்று தலையை ஆட்டினேன். போய்விட்டான்.

பின்னேரம் சாம்பலைத் தந்தார்கள். அரிசி அளக்கிற தகரப் பேணி அளவு. இளஞ்சூடு என்று நினைத்தேன், இல்லை, என் கைதான். மேலே ஒட்டியிருந்த துண்டை ஜெசிந்தாவிடம் வாசிக்கச் சொன்னேன்.

“கே புள்ளி. கதிரித்தம்பி.”

“குகனேசன் எங்க?”

“அந்தக் கே தான் அண்ணா. இங்க குடும்பப் பேரைத்தான் முழுசா போடுவினம்.”

குடத்தில் சுரண்டினேன், அண்டாவில் சுரண்டினேன், என் பெயரில் சுரண்டினேன். என் பிள்ளையின் சாம்பலில் அவர் முழுதாக ஏறி இருக்கிறார். பிள்ளை ஓர் எழுத்து.

நகத்தை வைத்துப் பார்த்தேன். ஓரம் எழும்பியது. திரும்ப அழுத்தி ஒட்டிவிட்டேன்.

ஒக்டோபர் 19, வியாழன். நேப்பிள்ஸ்

பகல் முழுவதும் பஸ். முன்னிருக்கை இரண்டும் காலியாக இருந்தன. ஜெசிந்தா பின்னுக்குப் போகப்பார்த்தாள். நான் முன்னுக்கு இருந்தேன். மடியில் பேணி. ஒலிவ் மரங்கள் எல்லாம் திரும்ப வந்தன.

ஸ்டேஷனுக்குப் பின்னால் பழைய அறையைக் கேட்க வெளிக்கிட்டாள். வேண்டாம் என்றேன்.

“அப்ப எங்க பெரியம்மா?”

“உனக்கு வீடு இல்லையோ?”

நான்காம் மாடி, லிப்ட் இல்லை. கையைப் பிடித்து ஏற்றினாள். ஓர் அறை, ஒரு குசினி. ஜன்னலுக்கு நேரே வேறொருவரின் உடுப்புக் காய்கிறது. ஒரு மூலையில் மடக்குக்கட்டில். அதில்தான் அவன் படுத்தானாம். பேணியை அதன்மேல் வைத்தேன்.

அவள் வெளியே போய் ஏதோ வாங்கிவந்து அவசரமாகச் சமைத்தாள். தேங்காய் திருவும் சத்தம் கேட்டது. சோறும் கணவாய்க் கறியும். அண்ணாவுக்குப் பிடித்தது என்றாள். நெருப்பு வைத்து மறுநாள், துடக்கு வீட்டில் மீன் மச்சம் சமைக்கக்கூடாது. வேதக்காரப் பிள்ளை, அவளுக்குத் தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

சோற்றுக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள். நான் கையை வைப்பேனா என்று பார்க்கிறாள். இந்த வீட்டுச் சோறு. பிசைந்து ஒரு வாய் வைத்தேன். பிறகுதான் அவள் இருந்தாள்.

“பெரியம்மா, ஒண்டு கேக்கட்டே? கோவிக்கக்கூடாது.”

“கேள்.”

“அண்டைக்குப் போனில, வைக்கமுதல், கடைசியா அண்ணா உங்களுக்கு என்ன சொன்னவர்? என்னட்ட அதை மட்டும் சொல்லேல்லை.”

“நினைவில்லை” என்றேன்.

அவள் தலையாட்டினாள். எனக்கு இன்னும் கொஞ்சம் கறி விட்டாள். உப்புக் கூடியிருந்தது. அந்தப் புதன்கிழமை என் அடுப்பிலும் கணவாய்தான். தொலைபேசியை வைத்துவிட்டு வந்து, போட்ட உப்பை மறந்து திரும்பவும் போட்டேன்.